நாற்பது கொம்பியூட்டர், ஒரு கதிரை: எது ஓடுது, எது மூச்சு வாங்குது

"தம்பி, எல்லாம் ஓன்லதான் கிடக்கு." யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நெல்லியடியிலோ ஊர்காவற்றுறையிலோ உள்ள கிளைக்குப் போன் எடுத்து, கொம்பியூட்டர்ப் பெட்டிகள் ஓடுகிறதா என்று கேட்டால் வருகிற பதில் இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை, மொனிற்றரில் லைட் எரிவதைப் பார்த்துச் சொல்கிறார். பெட்டி எப்போதிருந்து ஓடுகிறது, எவ்வளவு சுமக்கிறது என்பதைப் பெட்டியிடமே கேட்கவேண்டும். கேட்கும் வழிகள் பழையவை, காசு கேட்காதவை. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு விதமாய்ப் பிழை சொல்லும் குணம் உண்டு. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்தப் பிழைகளைப் பற்றித்தான்.

லினக்ஸில் அப்டைம் என்று தட்டினால் ஒரு வரி வரும்: இப்போதைய நேரம், எத்தனை நாளாய் ஓடுகிறது, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், கடைசியில் மூன்று லோட் எண்கள், அதாவது ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற வேலைகள் எத்தனை என்ற கணக்கு. அவை முறையே 1, 5, 15 நிமிடச் சராசரிகள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பிரித்த சராசரி இல்லை இது. பழைய அளவீட்டின் பாரம் போகப்போகத் தேய்ந்து, புதியது ஏறிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 5 செக்கனுக்கு ஒருமுறை கணக்கு நடக்கும். சும்மா கிடந்த பெட்டியில் ஒரேயொரு வேலையை இடைவிடாமல் ஓடவிட்டால், ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 1.00 என்று வராது. 0.63 தான் வரும். அதே நேரம் இரண்டாவது எண் 0.18, மூன்றாவது 0.06. ஆகவே மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். முதல் எண் பெரிதாயும் கடைசி எண் சின்னதாயும் இருந்தால் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மறுவளமாய் இருந்தால் வடிந்துகொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே உயரத்தில் நின்றால் கால் மணித்தியாலத்துக்கு மேலாய் அடிபடுகிறது.

லோட் 4.00 கூடுதலா குறைவா என்ற கேள்விக்குத் தனியே பதில் கிடையாது. நாலு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) உள்ள பெட்டியில் அது நிறைகுடம். இரண்டு கோர் உள்ளதில், இரண்டு வேலை ஓட இன்னும் இரண்டு வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். என்ப்ரொக் என்ற கட்டளை கோர் எண்ணிக்கையைச் சொல்லும். அதை ஒருமுறை எடுத்துப் பட்டியலில் ஒவ்வொரு பெட்டியின் பெயருக்குப் பக்கத்திலும் எழுதிவைத்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை.

லினக்ஸின் லோட் சிபியுவின் லோட் மட்டும் இல்லை என்பதுதான் பலர் தடுக்கி விழும் இடம். டிஸ்கின் பதிலுக்காக, இடையில் எழுப்ப முடியாத நித்திரையில் கிடக்கும் வேலைகளையும் லினக்ஸ் கூட்டிக்கொள்ளும். பிஎஸ் கட்டளையில் அவற்றின் நிலை 'டி' (D) என்று வரும். பிள்ளைகளின் கோப்புகள் எல்லாம் ஒரு சேர்வரில் இருந்து என்எஃப்எஸ் (கோப்புகளை நெற்வேர்க்கில் பகிரும் முறை) வழியாய் வருகிற லாப்பில் இதை நன்றாய்க் காணலாம். சேர்வர் விழுந்த சில நிமிடங்களில் எல்லாப் பெட்டியின் லோடும் 6, 9, 14 என்று ஏறும். தொங்கிக் கிடக்கிற ஒவ்வொரு வேலையும் ஒன்றைக் கூட்டும். ஆனால் டொப் கட்டளையில் பார்த்தால் சிபியு 95 வீதம் சும்மா இருக்கும். லோட் ஏறி சிபியு குளிர்ந்து கிடந்தால் சிபியுவை விட்டுவிட்டு டிஸ்க், சாட்டா கேபிள், கோப்பு சேர்வர் என்ற ஒழுங்கில் பார்க்கவேண்டும். தனிப் பெட்டி என்றால் சாகப்போகிற ஹார்ட் டிஸ்க்தான் முதல் சந்தேகம்.

ஒரே லாப்புக்குள் என்றால்

ஒரே சுவிச்சில் தொங்கும் பெட்டிகளுக்கு ஆர்அப்டைம் போதும். 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த கட்டளை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஆர்ஹூ, ஆர்ஹூடி என்று இரண்டு பொதிகள், இரண்டையும் எல்லாப் பெட்டியிலும் போடவேண்டும். ஆர்ஹூடி பின்னணியில் இருந்து 3 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இன்னார், இத்தனை மணிக்கு எழும்பினேன், லோட் இவ்வளவு, உள்ளே இன்னின்ன ஆட்கள்" என்று யூடிபி 513ஆம் துறையில் (போர்ட்) லாப் முழுக்கக் கூவும். மற்றவை கேட்டு, கூவிய பெட்டிக்கு ஒரு கோப்பு வீதம் எழுதிவைக்கும். ஆர்அப்டைம் எந்தப் பெட்டிக்கும் போய்க் கேட்பதில்லை. தன் பெட்டியில் கிடக்கும் அந்தக் கோப்புகளை வாசித்து, ஒரு பெட்டிக்கு ஒரு வரியாய் அடுக்குகிறது, அவ்வளவுதான். -எல் போட்டால் லோட் கூடியது மேலே வரும், -டி (t) போட்டால் ஓடிய நேரப்படி, -யு போட்டால் ஆட்களின் எண்ணிக்கைப்படி, -ஆர் போட்டால் தலைகீழாய்.

"டவுன்" என்று திரையில் வருவதன் பொருள் இதிலிருந்து விளங்கும். கடைசியாய்க் குரல் கேட்டு 11 நிமிடம் தாண்டிவிட்டது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பெட்டி 11 நிமிடம் வரை "அப்" என்றே நிற்கும், கடைசியாய்ச் சொன்ன லோடோடு. மாறாக, பெட்டி சுகமாய் ஓட ஆர்ஹூடி மட்டும் விழுந்திருந்தாலும் "டவுன்"தான்.

பட்டியலில் உங்கள் பெட்டி மட்டும் தெரிந்தால் உங்கள் ஃபயர்வோல் 513ஐ மறிக்கிறது. ஒரேயொரு பெட்டி மட்டும் எவர் பட்டியலிலும் இல்லையென்றால் அதன் நெற்மாஸ்கை, அதாவது எந்த முகவரிகள் ஒரே வலைக்குள் என்று சொல்லும் அமைப்பை, பாருங்கள். மற்றவை 24 பிட்டில் இருக்க அது 16 பிட்டில் இருந்தால், 192.168.1.255க்குப் போகவேண்டிய கூவல் 192.168.255.255க்குப் போகும், மற்றவை தமக்கில்லை என்று தள்ளிவிடும். பிங் (பெட்டி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) போட்டால் மட்டும் ஒழுங்காய்ப் பதில் வரும், அதனால்தான் இந்தப் பிழை நாட்கணக்கில் ஒளிந்திருக்கும். வைஃபையில் வரும் பெட்டிகள் தெரியாவிட்டால் அக்சஸ் பொயின்டில் வாடிக்கையாளரை ஒருவரிலிருந்து ஒருவர் பிரிக்கும் அமைப்பு ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரைத் தாண்டி இந்தக் கூவல் போகாது, அதைத் தாண்டவைக்க மினக்கெடவும் வேண்டாம்.

இன்னொரு பிழை, பார்ப்பவரைத் தலையைச் சொறியவைக்கும். பட்டியலில் ஒரே பெயர்தான், அதன் ஓடிய நேரமோ ஒருமுறை 3 நாள், அடுத்தமுறை 20 நிமிடம், பிறகு 2 மணி. ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு, அதன் டிஸ்க்கை மற்றவைக்குப் பிரதி எடுத்த லாப்பில்தான் இது வரும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஹோஸ்ட்நேம், ஆகவே ஒன்றின் கோப்பின் மேல் மற்றது எழுதுகிறது. ஹோஸ்ட்நேம்சிடிஎல் கொண்டு பெயரை மாற்றுங்கள். கையோடு, தூரத்துப் பெட்டிக்குள் பாதுகாப்பாய்ப் போக உதவும் எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் திறப்புகளையும் (பெட்டியின் அடையாளம்) அழித்து எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ கொண்டு புதிதாய் உண்டாக்குங்கள். நாற்பது வீட்டுக்கு ஒரே திறப்பு நல்லதில்லை.

ஆர்ஹூடி யார் யார் உள்ளே என்பதையும் கூவுகிறது, கூவுவது யார் என்று சோதிப்பதுமில்லை. குறும்புக்காரப் பெடியன் ஒருவன் இல்லாத பெட்டியை இருப்பதாய்க் காட்டலாம். பூட்டிய லாப்புக்கு அது பரவாயில்லை. வெளி ஆட்கள் வந்துபோகும் வைஃபையில் வேண்டாம்.

மணிக்கூட்டின் குளறுபடி

திரையில் ஓடிய நேரம் இருக்கவேண்டிய இடத்தில் "??:??" என்று வந்தால் புரோகிராமைத் திட்டாதீர்கள். தூரத்துப் பெட்டி அனுப்புவது தான் எழும்பிய நேரத்தை. கேட்கும் பெட்டி, செய்தி கிடைத்த தன் நேரத்தில் இருந்து அதைக் கழிக்கிறது. இரண்டும் இரண்டு மணிக்கூடு. தூரத்து மணிக்கூடு முந்தி ஓடினால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகும், அதைத்தான் அந்தக் கேள்விக்குறிகள் சொல்கின்றன.

இலங்கையில் இதற்கு ஒரு நிலையான அளவு உண்டு: ஐந்தரை மணித்தியாலம். வின்டோஸும் லினக்ஸும் ஒன்றாய்ப் போட்ட பெட்டியில், மதர்போர்டின் மணிக்கூட்டில் வின்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். பின்னேரம் 2 மணிக்கு 14:00 என்று. அடுத்ததாய் எழும்பும் லினக்ஸ் அதை உலகப் பொதுநேரம் என்று நினைத்து, தன் பங்குக்கு 5:30ஐக் கூட்டி இரவு 7:30 என்று எடுத்துக்கொள்ளும். இன்ரநெட் வந்ததும் நேரம் திருந்திவிடும். ஆனால் ஆர்ஹூடி அதற்கு முன்னரே எழும்பிய நேரத்தைக் கணக்குப் போட்டிருந்தால் கேள்விக்குறிதான் வரும். தீர்வு வின்டோஸ் பக்கம்தான்: ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற பெறுமதியை 1 ஆக்குங்கள். லினக்ஸை வின்டோஸுக்கு ஏற்ப வளைப்பதைவிட இது சுத்தம்.

ஒரு பெட்டி மட்டும் கரண்ட் போய்வரும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்திருக்கிறது. காசு அளவில் வட்டமாய் இருக்கும், 3 வோல்ட். நேரம் திருந்தாத பெட்டியில் இன்ரநெட் பக்கங்களும் சான்றிதழ் பிழை சொல்லும், ஆட்கள் "நெற் வேலை செய்யுதில்லை" என்று முறைப்பட்டபடி வருவார்கள். கேட்கும் பெட்டியிலேயே பற்றரி செத்தால் இன்னும் வேடிக்கை, அதன் மணிக்கூடு துள்ளும்போது ஊரே டவுன்.

கிளைகள் என்றால்

ரவுட்டருக்கு அப்பால் எஸ்எஸ்எச்தான். 4ஜி ரவுட்டர் வைத்த கிளைக்குப் பொது முகவரி கிடைப்பது அரிது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி கண்டால் வெளியிலிருந்து உள்ளே கதவு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். கிளைப் பெட்டிதான் வெளியே வரவேண்டும். பொது முகவரியுள்ள ஒரு சேர்வருக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போட்டு, கிளைப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால், சும்மா இருந்த சில நிமிடத்தில் ரவுட்டர் அந்த வழியை மறந்துவிடும். காலையில் வேலை செய்தது மதியம் செய்யாது, யாராவது கிளையில் இருந்து ஒரு பிங் போட்டால் மறுபடி உயிர் வரும்.

உள்ளே போனதும் அப்டைம் கட்டளையின் வரியை வெட்டி எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். எழும்பி 5 நிமிடமானால் அந்த வரி ஒரு வடிவம், ஒரு மணிக்குப் பிறகு வேறு வடிவம், நாள் தாண்டினால் இன்னொன்று. மூன்றாவது சொல், ஐந்தாவது சொல் என்று எண்ணி எடுத்தால் கரண்ட் போய்வந்த நாளில்தான் உடையும். அதாவது தேவையான நாளில். ப்ராக் அடைவில் உள்ள அப்டைம், லோட்ஏவ்ஜி என்ற இரண்டு கோப்புகளையும் கட் கட்டளையால் எடுங்கள். முதலாவதில் இரண்டு எண்கள்: எழும்பி எத்தனை செக்கன், எல்லாக் கோரும் சேர்ந்து சும்மா இருந்த செக்கன். நாலு கோர் பெட்டியில் இரண்டாவது எண் முதலாவதை விடப் பெரிதாய் வரும், பயப்படத் தேவையில்லை. லோட்ஏவ்ஜியில் முதல் மூன்று எண்கள் நாம் தேடுபவை.

இதற்கென்று தனித் திறப்பு செய்யுங்கள், ஈடி25519 வகை. தூரத்துப் பெட்டியின் ஓதரைஸ்ட்கீஸ் கோப்பில் அந்தத் திறப்பின் வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லையும், கொமான்ட் என்று மேற்சொன்ன இரு கோப்புகளை வாசிக்கும் கட்டளையையும் போடுங்கள். திறப்பு களவு போனாலும் கள்ளன் பார்க்கக்கூடியது லோட் எண்ணை மட்டும்தான்.

கேட்கும் பக்கத்தில்: பேட்ச்மோட் யெஸ், கனெக்ட்டைம்அவுட் 5, முழுவதையும் டைம்அவுட் 15 என்ற கட்டளைக்குள் அடக்குங்கள். முதலாவது, கடவுச்சொல் கேட்டுத் தொங்காமல் இருக்க. பெட்டிப் பெயர்களை ஒரு கோப்பில் இருந்து வரி வரியாய் வாசித்து எஸ்எஸ்எச்சைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் -என் கட்டாயம். இல்லாவிட்டால் முதல் பெட்டிக்குப் போகும் எஸ்எஸ்எச் மிச்சப் பெயர்களை எல்லாம் விழுங்கிவிடும், நாற்பது பெட்டிப் பட்டியலில் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், பிழைச்செய்தி ஒன்றும் வராது.

முடிவில் வரும் வெளியேற்ற எண்ணைச் சேர்த்து எழுதிவையுங்கள். 0 என்றால் சரி. 255 என்றால் எஸ்எஸ்எச்சால் உள்ளே போக முடியவில்லை: கரண்ட் இல்லை, லைன் இல்லை, அல்லது பெட்டியை மறுபடி அமைத்ததில் ஹோஸ்ட் திறப்பு மாறிவிட்டது. 124 என்றால் 15 செக்கனும் கடந்து டைம்அவுட் வெட்டியிருக்கிறது. தொடர்பு கிடைத்தது, பதில்தான் வரவில்லை. இந்த 124 பெறுமதியான எண். கேர்னல் (லினக்ஸின் கரு) உயிரோடு இருந்து பிங்குக்கும் பதில் சொல்லும், டிஸ்க் சிக்கியதால் உள்ளே ஒரு வேலையும் எழும்பாது. பிங்கை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பெட்டி பச்சையாகவே தெரியும்.

குறித்த நேரத்தில் வேலையை எழுப்பும் க்ரொன்னில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடலாம், ஆனால் 0, 5, 10 என்ற நிமிடங்களில் வேண்டாம். பெட்டிகளின் மற்ற க்ரொன் வேலைகளும் அந்த நிமிடங்களில்தான் எழும்பும், நீங்கள் பார்ப்பது எப்போதும் நெரிசல் நேரத்து லோட். 2, 7, 12 என்று தள்ளிவையுங்கள்.

கரண்டின் கணக்கு

சேர்ந்த பதிவில் ஒரே விதி போதும்: இப்போதைய ஓடிய நேரம் முன்னதை விடக் குறைந்தால் பெட்டி இடையில் விழுந்து எழும்பியிருக்கிறது. எழும்பிய நேரம், இப்போதைய நேரத்தில் இருந்து அதைக் கழித்தால் வரும். நாற்பது பெட்டியின் எழும்பிய நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வயரிங் படமே தெரியும்.

எல்லாம் ஒரே நிமிடத்தில் எழும்பியிருந்தால் மின்சார சபையின் கரண்ட் போய்வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் என்றால் மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கிறது, அல்லது அந்த வரிசையின் ட்ரிப் சுவிச் விழுந்திருக்கிறது. மாரி தொடங்கி இடிமின்னல் வரும் ஐப்பசியில் இரண்டும் நடக்கும். பக்கத்துப் பெட்டிகள் 20 நாளாய் ஓட ஒன்று மட்டும் கிழமைக்கு இருமுறை எழும்புகிறது என்றால் அதன் யூபிஎஸ் பற்றரிதான். 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்மணி பற்றரி ஒன்று. தாளில் 84 வாட்மணி, நடைமுறையில் புதிதாய் இருக்கும்போதே ஒரு பெட்டியைக் கால் மணித்தியாலம் தாங்கினால் நல்லது. நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் அது பெயருக்கு மட்டும் இருக்கும். லைட் கண் சிமிட்டும் அளவுக்குக் கரண்ட் வெட்டினாலும் பெட்டி விழுந்துவிடும், மேசையில் இருப்பவர் "வின்டோஸ் பழுது" என்பார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி வரை வெட்டிய காலத்தில் எந்த யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை, அது வேறு கதை. பற்றரியைத் தெரிந்தெடுத்து மாற்ற இந்த அட்டவணை போதும், நாற்பதையும் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை.

தானாய் விழுந்ததா, ஆள் நிற்பாட்டியதா என்பதை லாஸ்ட் -எக்ஸ் சொல்லும். ரீபூட் வரிக்குக் கீழே (புதியது மேலே வரும்) ஷட்டவுன் வரி இருந்தால் ஒழுங்காய் நின்றது. இல்லையென்றால் கரண்ட் அல்லது கேர்னல். கரண்ட் வந்ததும் பெட்டி தானாய் எழும்ப பயோஸில் ஏசி பவர் இழப்புக்குப் பிறகான அமைப்பைப் பவர் ஓன் ஆக்குங்கள்.

வின்டோஸில் லோட் சராசரி என்ற ஒன்றே இல்லை, சிபியு வீதத்தோடு திருப்திப்படவேண்டும். ஓடிய நேரமும் ஏமாற்றும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் கேர்னல் டிஸ்கில் உறங்கி அடுத்த நாள் எழும்பும், டாஸ்க் மனேஜர் 30 நாள் என்று காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் பூச்சியமாகும். சுவிச், ரவுட்டர்களை எஸ்என்எம்பி (வலைக் கருவிகளிடம் நிலை கேட்கும் முறை) வழியாய்க் கேட்கும்போது சிஸ்அப்டைம் என்பது செக்கனில் நூறில் ஒரு பங்காய் 32 பிட்டில் எண்ணப்படுவதால் 497 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். அன்றைக்கு "சுவிச் விழுந்தது" என்று கிளைக்கு ஓடாதீர்கள். மேலும் அது எஸ்என்எம்பி ஏஜென்ட் ஓடிய நேரம். லினக்ஸ் பெட்டியில் ஏஜென்டை மட்டும் மறுபடி தொடங்கினாலும் பூச்சியம். பெட்டியின் நேரத்துக்கு ஹெச்ஆர்சிஸ்டம்அப்டைம்தான் சரி.

பதிவில் 255 வந்தால் கிளைக்குப் போன் எடுக்கத்தான் வேண்டும். அப்போது லைட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். மொனிற்றர் லைட் தனி, லான் கேபிள் செருகும் இடத்து லைட்டும் பல பெட்டிகளில் நிற்பாட்டிய பிறகும் எரியும். "அண்ணை, பெட்டிக்குப் பின்னால கையை வைச்சுப் பாருங்கோ, காத்து வருதோ?" என்று கேளுங்கள். காற்று வந்தால் பெட்டி ஓடுகிறது, கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். வராவிட்டால் பிளக்.